அண்ணன் இல்லாத வாழைத்தோட்டம்

உறையூர் பானுப்ரியாவுக்கு ஒரு காரியத்தில் இறங்கினால் பாதியில் விடத் தெரியாது. தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் பில் போடுகிற வேலை, வீட்டில் நடை பழகிய கையோடு ஓடப் பழகிவிட்ட மகள், வாரத்தில் பாதி வெளியூரிலேயே இருக்கும் கணவன் சுரேஷ்குமார். இத்தனைக்கும் நடுவில் பழைய கேமரா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிறு விடிந்தால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்விடுவாள். அங்கே அவளைப் போல போட்டோ பைத்தியம் பிடித்த ஒரு கூட்டம் உண்டு.

ஆனால் அவள் அதிகம் எடுத்தது முசிறியில் இருக்கும் அண்ணன் ரத்தினவேலின் வாழைத்தோட்டத்தைத்தான். அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த அண்ணன் ஒருவர்தான். போன தடவை போனபோது, தோளில் வாழைத்தாரோடு அவர் வரப்பில் வந்ததையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள். கேமராவிலேயே காட்டி, "நீயும் இருக்கண்ணே" என்றாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

படித்துறைக் கூட்டத்தார், எடுப்பது பாதிதான், எடிட் செய்வதுதான் மீதி என்று ஏற்றிவிட்டார்கள். காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள் ஒன்றை வீட்டு லேப்டாப்பில் ஏற்றி, பால்காரர் வருவதற்கு முன்பே எழுந்து பாடம் படித்தாள். முதலில் அவள் தொட்ட வானமெல்லாம் பெயிண்ட் டப்பா கவிழ்ந்த மாதிரி இருந்தது. அசரவில்லை. அப்புறம் வேண்டாததை அழிக்கும் கருவி கைக்கு வந்தது. கரண்ட் கம்பி, குப்பைத்தொட்டி, தெருநாய் எல்லாம் சுரண்டச் சுரண்டக் காணாமல் போயின. அந்த நேரம் பார்த்து, "தோட்டத்துப் படம் பிரமாதம்ங்க. அந்த ஆள் மட்டும் இல்லன்னா இன்னும் நல்லா இருக்கும்" என்றார் குழுவில் ஒருவர். கை சும்மா இருக்குமா? சுரண்டினாள். வாழை இலை வந்து மூடிக்கொண்டது. அழித்த சந்தோஷத்தில் பழைய படத்தின் மேலேயே சேவ் செய்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தாள். கேமராவில் இருந்ததை முன்பே அழித்தாயிற்று.

மறுநாள் அண்ணி பொன்னுத்தாய் போன் செய்தாள்.

"என்ன பானு இப்படிப் பண்ணிட்ட? தங்கச்சி எடுத்த போட்டோவுல நான் இருக்கேன்னு மண்டியில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாங்க உங்கண்ணன். போனத் தொறந்து காட்டினா ஆளையே காணும். 'என் தோட்டத்துலயே எனக்கு எடமில்ல போல'ன்னு சொல்லிட்டு சாப்பிடாமப் படுத்துட்டாங்க. பாப்பா காதுகுத்துக்கு வரலைங்கிறாங்க."

தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்துவதா? ஊர் நாலு விதமாகப் பேசும் என்பது ஒரு பக்கம். இருக்கிற ஒரே அண்ணன் வராத விசேஷம் என்ன விசேஷம் என்பதுதான் பானுவை அறுத்தது. போன் போட்டால் அவர் எடுப்பதே இல்லை. "அவங்க தோட்டத்துல இருக்காங்க" என்பாள் அண்ணி, பின்னால் அவர் இருமுவது கேட்கும்.

"நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா, முடிஞ்சிது" என்றான் சுரேஷ்குமார்.

"வெறுங்கையோட போய் என்னங்க சொல்றது? நான்தான எடுத்தேன், நானே திரும்ப வைக்கிறேன்."

ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்க, வேண்டிய இடத்தை மட்டும் காட்டி மற்றதை மறைக்க, அதற்கென்று தனிப் பாடங்கள் இருந்தன. கிளினிக்கில் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ பார்த்தாள், விடிகாலையில் செய்து பார்த்தாள். அதற்கு அண்ணன் படம் ஒன்று வேண்டுமே. தோட்டத்தில் எடுத்த படங்களை எல்லாம் வருஷவாரியாகத் திறந்தாள். வாழை இருந்தது, வரப்பு இருந்தது, மீன்கொத்தி இருந்தது. அண்ணன் ஒன்றிலும் இல்லை. எப்படி இருப்பார்? கேமராவைத் தூக்கும்போதெல்லாம், "கொஞ்சம் தள்ளுண்ணே, பிரேம்ல வர்ற" என்று சொன்னவளே அவள்தானே.

கடைசியில் கிடைத்தது அவள் கல்யாண ஆல்பத்துப் படம். வெட்டி எடுத்துத் தோட்டத்தில் வைத்தாள். முதலில் அண்ணன் அந்தரத்தில் தொங்கினார். பிறகு முழங்கால் வரை மண்ணில் புதைந்தார். பிறகு தலையைச் சுற்றி சாமி படம் மாதிரி ஒளிவட்டம் வந்தது. விடவில்லை அவள். ஒட்டியதே தெரியாமல் ஒருநாள் அமைந்தது.

"நெஜமாவே நிக்கிற மாதிரி இருக்கே!" என்றான் சுரேஷ்குமார்.

நின்றார்தான். பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக, சேற்று வரப்பில், தங்கை கல்யாணத்துக்கு வந்தவர்களை வரவேற்கிற சிரிப்போடு நின்றார். பானுவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் படத்தை மூடினாள். வெற்றிலை பாக்குப் பழத்தோடு காதுகுத்துப் பத்திரிகையையும் கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸில் முசிறிக்குப் போனாள்.

அண்ணன் தார் வெட்டிக்கொண்டிருந்தார். "வா" என்று ஒரு சொல்லோடு சரி. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கேமராவைத் தூக்கினாள். அத்தனை கோபத்திலும் மனுஷன் சட்டென்று நகர்ந்து, மோட்டார் கொட்டகை ஓரமாகப் போய் நின்றுகொண்டார். தோட்டம் முழுசாக அவளுக்கு வரட்டுமாம்.

"ஏண்ணே தள்ளிப் போற?"

"நீதான எப்பவும் தள்ளச் சொல்லுவ."

குத்திக்காட்டவில்லை அவர், பழக்கத்தைச் சொன்னார். பானு வரப்பிலேயே உட்கார்ந்து விம்மி அழுதாள். "உன்னைய எடுக்கத்தாண்ணே வந்தேன். தப்பு பண்ணிட்டேன். தள்ளாதண்ணே, நில்லு."

ரத்தினவேல் அரிவாளைக் கீழே வைத்தார். "சரி சரி, அழாத. சட்டைய மாத்திக்கிட்டு வரட்டுமா?" என்றார்.

"வேணாம். அந்தத் தாரத் தோள்ல வச்சுக்கிட்டு இப்படியே நில்லு."

அன்றைக்கு எடுத்த படத்தில் அவள் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். தலைத்துண்டு நிழலில் இருண்டிருந்த முகத்தை மட்டும் தனியாகப் பிரித்து, நிறம் மாறாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். அவ்வளவு விடிகாலைகள் முழித்துப் படித்தது அதற்கு உதவியது.

காதுகுத்தன்று மண்டப வாசலில் பேனர். தோளில் தாரோடு ஆளுயரத்துக்கு அண்ணன், பக்கத்தில் மகளின் சிரிப்பு. சீர்த்தட்டோடு வந்த ரத்தினவேல் அண்ணாந்து பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

"பின்னாடி அந்த ஓட்ட டிரம்மு ஒண்ணு கெடக்கே. அதையாச்சும் எடுத்திருக்கலாம்ல?"

"கெடந்துட்டுப் போவுதுண்ணே."

மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அது மண்டபமே அதிர வீறிட்டது. பானு கேமராவைத் தூக்கினாள். பிள்ளை முகம் நன்றாகத் தெரியட்டும் என்று அண்ணன் பழக்கதோஷத்தில் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள், அவரே நினைவு வந்து தலையைத் திரும்பக் கொண்டுவந்து, பிள்ளையின் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.