லேகு காட்டில் மான் வேட்டை: நான் தேர்ந்தெடுத்த தவறான மாதம்

யாங்கோனுக்கு வருகிறவர்கள் என்னிடம் பகோடாவைக் கேட்பார்கள், சாப்பாட்டைக் கேட்பார்கள். போன மாதம் ஒருவர் வேறு மாதிரி கேட்டு எழுதியிருந்தார். அவருடைய பாட்டனார் அந்தக் காலத்தில் லேகு பக்கம் மான் வேட்டைக்குப் போவாராம். எந்த மாதத்தில் போவார்கள், அதே மாதத்தில் தானும் அந்தக் காட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: மாசி கடைசியிலிருந்து பங்குனி வரை. அந்த வரியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபகத்தில் பிழை இருக்காது.

அறுபத்தொன்றாம் வருஷம். அப்போதுதான் யாங்கோனுக்குக் கிழக்கே, ஓடைக்கு அக்கரையில் சேற்று நிலமாக இருந்த தாகேதாவில் புது வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. அவருடைய அண்ணன் பெண்டாட்டி, என் ஓரகத்தி மரகதம், நகருக்குள்ளேயே க்யிம்யிண்டைங்கில் வசதியாக இருந்தாள். புரட்டாசியில் ஒரு கல்யாணப் பந்தியில், அத்தனை பேர் காதிலும் விழும்படி, "செல்லம்மா சேத்துக்குள்ள குடிபோயிட்டா. இனிமே அவ வீட்டுத் தீபாவளிக்கு நண்டுக் குழம்புதான்" என்றாள். இலையில் கை வைத்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் சொல்வேன். "வந்து பாருங்கக்கா, மான் கறி போடறேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

லேகு பக்கம் ஒரு கிராமத்தில் ஊ தான் மவுங் இருந்தார். முன்பு என் வீட்டுக்காரரோடு மூட்டை தூக்கியவர், பிறகு ஊரோடு போய் வயலும் வேட்டையுமாக இருந்தார். ஐம்பது வயசு இருக்கும். நான் அவரை 'ஊலே' என்பேன், மாமா மாதிரி. அவர் என்னை 'தூமலே' என்பார், மருமகளே என்று அர்த்தம்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். தாகேதாவிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு நடந்து பாலம் தாண்டி, ஆறரை மணிக்கு லேகு பஸ். இருபத்தெட்டு மைல், டிக்கெட் ஆளுக்கு ஒரு சாட் இருபத்தைந்து பியா, நூறு பியா ஒரு சாட். எட்டேகாலுக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஏழு மைல். மழை விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு இடத்தில் சக்கரம் புதைந்து, இறங்கித் தள்ளினோம். போய்ச் சேரப் பதினொன்றரை.

ஊலே விஷயத்தைக் கேட்டதும் கையை ஆட்டிவிட்டார். (பேச்சு பர்மியத்தில் நடந்தது, நான் தமிழில் தருகிறேன்.)

"இப்பவா? புல்லு ஆளு உசரம் நிக்குது, எதைச் சுடறோம்னே தெரியாது. பொட்டை மானுக்கெல்லாம் இப்பத்தான் குட்டி. ஆண் மானுக்குக்கூட கொம்பு பிஞ்சு, மேல தோல் மூடியிருக்கும், தொட்டா ரத்தம் வரும். பங்குனியில வா. புல்லை எரிச்சுப் பத்து நாள்ல துளிர் வரும். திங்கறதுக்கு வெட்டவெளிக்கு வந்து நிக்கும். நல்லாப் பார்த்து, கொம்பிருக்கறதா சுடலாம்."

"பங்குனியில தீபாவளி வராதே, ஊலே."

"உன் தீபாவளி மானுக்குத் தெரியுமா?"

அவர் மனைவி சிரித்தாள். எனக்குக் கல்யாணப் பந்திச் சிரிப்பு ஞாபகம் வந்தது. அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். "என் மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. மான் கறி ஒரு வாய் கேக்கறாங்க." வீட்டுக்காரர் பெற்ற தாயைப் பற்றித்தான் சொன்னேன். மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சத்தியமாவா?" என்றார் ஊலே. "நான் உசிரைக் கொல்றவன் தூமலே. அந்த ஒரு பாவம் போதும்னு, பொய் மட்டும் சொல்றதில்ல. மத்தவங்க சொல்றதையும் நம்பிடுவேன்."

"சத்தியமா" என்றேன்.

அங்கே வேட்டை மாட்டு வண்டியோடுதான். கிரீச்சென்று சக்கரச் சத்தம் கேட்டால் மான் ஓடாது, தினமும் கேட்கிற சத்தம். வண்டி போய்க்கொண்டே இருக்கும், துப்பாக்கிக்காரர் வண்டியின் மறைவில் நடப்பார். வண்டி நின்றால் மான் போய்விடும். நாலு மணிக்குக் கிளம்பினோம். வீட்டுக்காரர் மாட்டை ஓட்ட, நான் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தேன். ஐந்தேகாலுக்குப் புல்லுக்கு மேலே இரண்டு காது தெரிந்தது. காது மட்டும்தான். ஊலே திரும்பி என்னைப் பார்த்தார். சுடச் சொல்லித் தலையாட்டினேன். சுட்டார்.

போய்ப் பார்த்தால் பெண் மான். மடியில் பால். பக்கத்திலேயே குட்டி, உடம்பில் புள்ளிகூட மறையவில்லை, ஓடத் தெரியாமல் நின்றது. ஊலே என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார். திரும்பி வரும் வழி முழுக்க அது என் விரலைச் சப்பிக்கொண்டே வந்தது. அதன் தாய் வண்டியில் என் முதுகுக்குப் பின்னால் கிடந்தது.

குட்டியை அவர் மனைவியிடம் விட்டுவிட்டு, மறுநாள் உப்புத் தடவிய கறியோடு வீடு திரும்பினோம். தீபாவளிக்கு மரகதம் வந்தாள். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு கை கழுவிக்கொண்டே, "கொம்பு எங்கடி?" என்றாள். "காயப் போட்டிருக்கு" என்றேன். அடுத்த வாரமே க்யிம்யிண்டைங் சந்தைக்குப் போய், ஆறு சாட் கொடுத்து, நல்லா முற்றிப் பளபளத்த கொம்பு ஒரு ஜோடி வாங்கி வந்து வாசல் சுவரில் மாட்டினேன். ஊலே சொன்ன பிஞ்சுக் கொம்பு, மேலே தோல், அதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஊலே வந்து நின்றார், கையில் ஒரு போத்தல் தேன். என் மாமியார் வாசலில் அரிசி இடித்துக்கொண்டிருந்தார், உலக்கையை மாற்றி மாற்றிப் பிடித்து. "நோயாளி எங்கேம்மா?" என்று அவரிடமே கேட்டார் ஊலே. "நோயாளியா? இந்த வீட்ல யாரும் இல்லையேப்பா" என்றார் மாமியார்.

ஊலே நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். கொம்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கென்று மரகதமும் உள்ளே உட்கார்ந்திருந்தாள். சும்மா இருப்பாளா?

"நீங்கதான் வேட்டைக்காரரா? நல்லதாப் போச்சு. இதே மாதிரி ஒரு ஜோடி எங்க சந்தையில தொங்கிட்டிருந்தது, இப்பக் காணோம். அதான் கேக்கறேன், இது நீங்க சுட்ட மான் கொம்புதானா?"

ஊலே தேன் போத்தலைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஆமாம்மா. நான்தான் சுட்டேன். அந்த மான் கொம்புதான்."

தேனை மாமியார் கையில் கொடுத்து, "இப்படியே இருங்க" என்றார். சாப்பிடச் சொன்னேன், பஸ் போய்விடும் என்றார். தெருமுனை வரை ஓடி, "ஊலே, குட்டி?" என்றேன். "நாலு நாள் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தார். தூமலே என்று கூப்பிடவில்லை.

மரகதத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் சுட வைத்தது அவள் இல்லை.

கேட்டவருக்கு: புல் எரித்துத் துளிர் விடுகிற பங்குனியில் போங்கள். விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ பாருங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் கொளுத்தும். துப்பாக்கி வேண்டாம். இப்போது சட்டமும் விடாது, அந்த மான் அங்கே மிச்சம் இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள், அது குட்டி போடுகிற காலம். ஊரில் யாராவது "இப்ப வேண்டாம்" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூரத்தை மறுபடி சொல்கிறேன்: பஸ்ஸில் இருபத்தெட்டு மைல், வண்டியில் ஏழு மைல். காலையில் கிளம்பினால், ஒருவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். ஊலே அதற்குப் பிறகு பதினொரு வருஷம் உயிரோடு இருந்தார். நான் போகவில்லை.