தவிடு அடைத்த இன்ஜின்

சென்ற வாரம் தக்கலை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் எங்கள் சபையைச் சேர்ந்த ஏசுவடியான் அண்ணாச்சி.

"தம்பி, மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. மாப்பிள்ளைக்கு இஞ்சினீயரிங் கம்பெனியில வேல. நீயும் அதுலதான கெடக்க... நல்லதா, கெட்டதா? உள்ளதச் சொல்லு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தன் மடியிலிருந்த சுவர்க் கடிகாரத்தை என் மடிக்கு மாற்றிவிட்டார். "இது ஓட மாட்டேங்கு. என்னான்னு பாத்துக் குடு."

முதல் கெடுதி இதுதான். நான் நாகர்கோவிலில் ஓர் இன்ஜினீயரிங் கம்பெனியில் ஃபிட்டர். ஆயில் இன்ஜின், தண்ணீர் பம்பு, அரிசி மில் — ஊர் ஊராய்க் கொண்டுபோய்ப் பூட்டி ஓடவைப்பது என் வேலை. சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் கண்ணுக்கோ கடிகாரம், தையல் மிஷின், குடை எல்லாவற்றுக்கும் டாக்டர். இலவச டாக்டர்!

நல்லது இல்லாமல் இல்லை. காக்கிச் சட்டையும் ஸ்பானர் பையுமாக இறங்கினால் எந்த ஊரிலும் உட்கார நாற்காலி வரும். மழை பெய்தாலும் பொய்த்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம். என் அப்பா விவசாயி. வானத்தைப் பார்த்தே வாழ்ந்தார். நான் மானேஜர் முகத்தைப் பார்த்து வாழ்கிறேன். இரண்டும் எப்போது இருளும் என்று யாரால் சொல்ல முடியும்?

அப்படித்தான் ஒரு நாள் இருண்டது.

இராஜாக்கமங்கலம் பக்கம் நாகலிங்கம் முதலாளிக்கு நான்தான் அரிசி மில் பூட்டிக் கொடுத்திருந்தேன். ஊரே வேடிக்கை பார்க்க, முதல் சுற்றிலேயே ஓடிய இன்ஜின். அது நின்றுபோய்விட்டதாம். வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பப் போகிறேன் என்று முதலாளி ஆள்விட்டிருந்தார்.

மானேஜர் என்னைக் கூப்பிட்டார். "இன்ஜின் இங்கே திரும்பி வந்தால், நீர் வர வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கோ கைக்குழந்தை. பஸ்ஸில் போகும்போது இன்ஜினின் ஒவ்வொரு உறுப்பையும் மனதுக்குள் கழற்றி மாட்டிக்கொண்டே போனேன்.

மில்லில் போய் நிஜமாகவே கழற்றினேன். துடைத்தேன், மாட்டினேன், சக்கரத்தைச் சுற்றினேன். டப்... டப்... டப்... என்று ஓடியது. ஒரு குறையும் இல்லை!

"நல்லாத்தானே ஓடுது முதலாளி?"

"ஓடுது வேய். அரிசி வருதா?"

"நெல் போட்டால்தானே வரும்?"

"அரிசி வரும்னு சொல்லித்தான ஒம்ம கம்பெனி வித்துது? வரல்ல. அப்பம் மிஷினுலதான் கொற!"

இந்த நியாயத்தை எந்த ஸ்பானரால் முறுக்குவது?

விசாரித்தேன். அங்கே எல்லோருக்கும் புழுங்கலரிசி; நெல்லை அவித்துக் காயப்போட்ட பிறகுதான் மில்லில் அரைக்க முடியும். அந்த வேலைக்கு முதலில் வந்த பெண்கள் பிறகு நின்றுவிட்டார்கள். முன்பு முதலாளி வீட்டில் நெல் குத்தியவர்கள்தான். இப்போது கோட்டாறு வியாபாரிகளுக்குத் தங்கள் முற்றத்திலேயே குத்திக் கொடுக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவி போல தங்கம்மை.

தேடிப்போனேன். நாலைந்து பெண்களோடு உலக்கை போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"வாரும் இஞ்சினீயரே."

"நான் இன்ஜினீயர் இல்ல யக்கா, ஃபிட்டர்."

"எதுவானா என்ன? எங்க உலக்கைய நிறுத்த வந்தவருதான?"

சுருக்கென்றது. மில் திறந்த அன்று கைதட்டிய கூட்டத்தில் இவர்களைத் தேட எனக்குத் தோன்றவில்லை.

"அவிக்க வரமாட்டோம்னு நாங்க சொல்லல்ல" என்றார். "குத்துன காலத்துல தவிடும் குருணையும் எங்களுக்கு. குருணை பிள்ளையளுக்குக் கஞ்சி, தவிடு ஆட்டுக்கும் கோழிக்கும். மிஷினு வந்த பொறவு எல்லாத்தையும் முதலாளி சாக்குல கெட்டி வச்சிட்டாரு. கேக்கேன்... ஒம்ம இஞ்சின் தவிடு திங்குமா?"

"இல்ல. எண்ணெய்தான் குடிக்கும்."

"அப்பம் எங்க தவிடு அதுக்கு எதுக்கு?"

மில்லுக்குத் திரும்பி, தவிட்டைப் பெண்களுக்கே விட்டுவிடச் சொன்னேன். முதலாளி மசியவில்லை. "மிஷினு என்னுது, நெல்லு என்னுது, தவிடு மட்டும் அவளுக்கா? பொம்பளைக்கிட்டத் தோத்தான்னு ஊரு சிரிக்கதுக்கா?"

இவருக்குத் தேவை தவிடு இல்லை, மீசை என்று புரிந்தது. மூலையில் கூரை முட்ட அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்தேன். பக்கத்திலேயே இன்ஜின், ஓடிய சூடு ஆறாமல் நின்றது.

"முதலாளி, சூடான இன்ஜின் பக்கத்தில் தவிடு இப்படிக் கிடக்கலாமா? ஒரு பொறி போதும். மில்லே போய்விடும்! அன்றன்றைக்கே அள்ளி வெளியேற்ற வேண்டும்."

முகம் வெளுத்தது. "எங்க கொண்டு தட்ட?"

"யாராவது சுமந்துகொண்டு போவார்களா என்று பாருங்கள்..."

முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார். புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். பிறகு வாசலுக்குப் போய் ஊர் கேட்க முழங்கினார். "ஏலே, தங்கம்மைக்கிட்டப் போய்ச் சொல்லு! தவிடு, குருணை ஒரு பொடி இங்க கெடக்கப்பிடாது. அன்னன்னைக்கு அள்ளிரணும். இது என் உத்தரவு!"

உத்தரவுக்குத் தங்கம்மை பணிந்தார். மறுநாளே அண்டாக்களில் நெல் வெந்தது. காய்ந்த நெல் வந்ததும் மில் ஓடியது.

மானேஜருக்கு ஏகச் சந்தோஷம். "என்னய்யா ரிப்பேர்?"

"தவிடு அடைத்துக் கிடந்தது சார். எடுத்துவிட்டேன்."

"சபாஷ்!" என்றார். பொய்யா சொன்னேன்?

ஆனாலும் ஒன்று. உலக்கை பிடித்த எல்லோருக்கும் அண்டாவடியில் இடம் கிடைக்கவில்லை. நாளாக ஆக கோட்டாறு வியாபாரிகளும் மில் அரிசிக்கே மாறினார்கள். சிலர் கயிறு திரிக்கப் போனார்கள். என் சம்பளத்தில் அதுவும் சேர்ந்துதான் வருகிறது.

மில் ஓடிய அன்று நான் பஸ் ஏறப் போனபோது, தவிடு நிறைந்த ஓலைக் கடகத்தோடு எதிரே வந்த தங்கம்மை கேட்டார். "அடுத்த மிஷினு எந்த ஊருக்குக் கொண்டு போறீரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அங்க உள்ள பொம்பளையகிட்ட, தவிட்ட மட்டும் விட்டுராதீங்கன்னு சொல்லும்."

அங்கே போய்ச் சொன்னேன் — கம்பெனி கொடுத்த பஸ் சார்ஜில்!