வீட்டுக் கடனுக்கு வைத்த மொய்

கட்டக் கட்டக் கடன் குறையவே இல்லை. போன வருஷம் ஆடியிலிருந்து கூடுதலாகக் கட்டியும் இப்படித்தான் என்று தையில் தெரிந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சோறு தின்னாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் அம்மன் கோயில் அன்னதான வரிசையில் என்னைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் சண்முகம். நம் நகரில் நாலாவது தெரு. சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் கியர் தயாரிக்கும் லைனில் வேலை. போன வருஷம் ஆனியில் எங்கள் லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றப் போவதாகப் பேச்சு வந்தது. "வர்ற ஆனி வரைக்கும் வேலை இருக்கு. அப்புறம் பார்க்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அந்தப் "பார்க்கலாம்" எப்படிப்பட்ட பார்க்கலாம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக் கடனோ இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் பாக்கி. வேலை போனால் தவணை நிற்கும். தவணை நின்றால் வீடு போகும்.

ஆகவே நானும் என் மனைவி செல்வியும் ஒரு முடிவு எடுத்தோம். ஓவர்டைம் காசு, தீபாவளி போனஸ், எது வந்தாலும், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் மாசத் தவணைக்கு மேல் கூடுதலாகக் கட்டுவது. வேலை இருக்கும்போதே கடனை முடித்துப் பத்திரத்தைக் கையில் வாங்கிவிடுவது. கார்த்திகையில் செல்வி தன் இரண்டு மெல்லிய தங்க வளையலையும் விற்றுக் கட்டச் சொல்லிக் கழற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். வாய் எடுத்ததோடு சரி.

இங்கே என் குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் சிஐடி. உண்டியலில் காசு போட்டாலும் அது உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை நகர மாட்டேன். "லோன் நம்பரைக் குடுங்க, போன்ல நானே போட்டு விடறேன்" என்றாள் செல்வி. "உங்க அண்ணன் கணக்குக்குப் போட்டுட்டா?" என்றேன். அவள் அண்ணன் என்றைக்கோ வாங்கிப்போன டார்ச் லைட் இன்னும் திரும்பவில்லை.

நம்பரைத் தாளில் எழுதி வைக்கவும் மனசில்லை. யாராவது பார்த்துவிட்டால்? மனப்பாடம் செய்தேன்.

"கடன் நம்பரைத் திருடி எவன் என்ன பண்ணப் போறான்? உங்க கடனைக் கட்டிட்டுப் போவானா?" என்று செல்வி சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. நம் கோயில் படியில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, மனப்பாட நம்பரைப் போனில் ஏற்றினேன். அதற்கப்புறம் மாசாமாசம் அமுக்க வேண்டியதுதான். தொகை எவ்வளவானாலும் கடைசியில் ஒரு ரூபாய் சேர்ப்பேன். வெறும் சைபரில் முடிந்தால் விருத்தி ஆகாது, மொய் வைக்கிற பழக்கம். "கடனுக்கு எதுக்குங்க விருத்தி?" என்று செல்வி கேட்டாள். ஒரு ரூபாயைச் சேர்த்தேதான் அமுக்கினேன்.

தையில் பாக்கி எவ்வளவு என்று பார்த்தால், பழைய தவணைக்குக் குறைந்தது மட்டும்தான் குறைந்திருக்கிறது. ஓவர்டைமைக் காணோம். போனஸைக் காணோம். வளையலைக் காணோம். பேங்க்காரர்கள் தின்றுவிட்டார்கள் என்று முடிவு கட்டி, சண்டைக்கு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண். என் கத்தலை முழுக்கக் கேட்டுவிட்டு, என் போனை வாங்கிப் பார்த்தாள்.

"சார், கடைசி ரெண்டு நம்பரை முன்ன பின்ன மாத்திப் போட்டிருக்கீங்க. அத்தனையும் வேற ஒருத்தர் வீட்டுக் கடனுக்குப் போயிருக்கு."

மடித்துக் கட்டிய வேஷ்டியை மெல்ல இறக்கிவிட்டேன். "யாரும்மா அவன்?"

"அதைச் சொல்லக் கூடாது சார். நாங்க அவர்கிட்ட பேசறோம். அவர் சம்மதிச்சாத்தான் திருப்ப முடியும்."

அடுத்த வாரம் போனேன். "போன் பண்ணினா விஷயத்தைக் கேட்டதுமே கட் பண்றார் சார்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. திருட்டுப்பயல். என் மனைவியின் வளையலில் சொந்தவீடு அனுபவிக்கிறான்.

செல்வியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே கோயிலுக்கு வந்தேன்.

"தாயே, பணம் கூட அப்புறம். அந்தத் திருடன் யாருன்னு மட்டும் காட்டு" என்று அழுதேன். அழுகைக்கு நடுவிலும் என் புத்தி போகவில்லை, என்ன தண்டனை தரலாம் என்று தாய்க்கு யோசனையும் சொன்னேன். அம்மை வேண்டாம், வயிற்றுப்போக்கு போதும் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை பஜனை. பிரசாதம் சர்க்கரைப் பொங்கல். ஐப்பசியிலிருந்தே மாசத்துக்கு ஒரு வெள்ளி யாரோ ஒரு புண்ணியவான் செலவில் முந்திரி மிதக்கும் பொங்கல் வந்துகொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "உபயம் பண்ற மகராசன் நல்லா இருக்கணும்" என்று ஒவ்வொரு தடவையும் வாழ்த்தி, இரண்டாம் தடவையும் வாங்குகிறவன் நான். அன்றைக்கு அந்த மகராசன் முதல் தடவையாக எழுந்து தன் அனுபவத்தைச் சொன்னார். பெயர் மாதேஷ். ஏழாவது தெரு. ஜவளகிரிக்காரர். குட்டியானை என்று சொல்கிற சின்னச் சரக்கு வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகிறவர்.

"வண்டி இன்ஜின் போயிடுச்சுங்க. தவணை கட்ட முடியலை. பேங்க் ஆளுங்க வாசல்ல வந்து நின்னாங்க. அம்மனை வேண்டினேன். அடுத்த மாசம் போய்க் கேட்டா, பணம் வந்திருக்குன்றாங்க! நான் கட்டலை, என் சம்சாரம் கட்டலை. மாசாமாசம் வருது. நடுவுல யாரோ ஃப்ராடு, பேங்க்லேர்ந்து பேசறேன், அந்தக் காசைத் திருப்பணும்னு போன் பண்ணினாங்க. அம்மன் குடுத்ததையா புடுங்கப் பார்க்கறேன்னு கட் பண்ணிட்டேன்!"

எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஃப்ராடுகளைக் கண்டால் எனக்கும் ஆகாது.

"அம்மன்தான்னு எப்படித் தெரிஞ்சுதுன்னா, வந்த காசுல ஒவ்வொரு தடவையும் கடைசியில ஒத்த ரூபா. மனுஷனாப் பொறந்தவன் எவனாவது கடனுக்கு மொய் வைப்பானா?"

தட்டிய கை பாதியில் நின்றது. நம் நகர் வீடுகளுக்கெல்லாம் ஒரே பேங்கில், ஒரே சமயத்தில் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். நம்பர்கள் அடுத்தடுத்துத்தான் இருக்கும். ஆக, நாலு மாசமாக என் காசில் எனக்கே பொங்கல். அதுவும் வாழ்த்திவிட்டுத் தின்றிருக்கிறேன்.

மறுநாள் காலையில் செல்வியோடு ஏழாவது தெருவுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லிப் போனைக் காட்டினேன். மாதேஷ் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. கண்ணாடியில் தினமும் பார்ப்பது.

"போன்ல என்ன வேணா காட்டலாம்ணா. இப்பல்லாம் அப்படித்தான் ஏமாத்தறாங்க."

அவர் மனைவி மஞ்சுளா ஒரு படி மேலே போனாள். "நேத்து கோயில்ல ஒத்த ரூபா கதையைக் கேட்டுட்டு, இன்னைக்கு வந்து அவங்க காசுன்றாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் போலீசுக்கே போயிருப்பேன். செல்விதான் பேசினாள்.

"கார்த்திகையில வந்தது மத்த மாசத்தைவிடப் பெருசு. முப்பத்தெட்டாயிரத்து ஒண்ணு. இதை நீங்க கோயில்ல சொல்லலை தம்பி. அது என் வளையல்."

மஞ்சுளா செல்வியின் கையைப் பார்த்தாள். கண்ணாடி வளையல்தான் கிடந்தது. "அய்யோ தேவ்ரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாதேஷ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அம்மன் எனக்கு ஒண்ணும் கட்டலையாண்ணா?" என்று கேட்டார்.

நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"கட்டினாளே தம்பி" என்றாள் செல்வி. "அவதான் கட்ட வச்சா. இல்லைன்னா இந்த மனுஷன் அடுத்தவங்களுக்கு ஒத்தக் காசு குடுப்பாரா?"

மாதேஷுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பிறகு சொன்னார்: "பேங்க்ல உடனே திருப்பச் சொன்னா என் தவணை மறுபடி நின்னுடும்ணா, அந்த ஆளுங்க வந்துடுவாங்க. வண்டி இப்ப நல்லா ஓடுது. மாங்காய் சீசனும் வருது. மாசாமாசம் உங்க கையில குடுத்து வைகாசிக்குள்ள முடிச்சிடறேன். என்னை நம்புங்க."

நம்புங்க என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அரிக்கும். முத்திரைத்தாள், இரண்டு சாட்சி, வண்டிச் சாவி என்று மனசுக்குள் பட்டியல் ஓடியது. நான் வாய் திறப்பதற்குள் செல்வி "சரி தம்பி" என்று எழுந்துவிட்டாள்.

மாசியில் கொடுத்தார். பங்குனியில், சித்திரையில் கொடுத்தார். செல்வி அதைச் சரியான நம்பருக்குக் கட்டினாள். பணம் கட்டுகிற வேலையிலிருந்து என்னை டிஸ்மிஸ் செய்திருந்தாள். வைகாசியில் பெரிய பாக்கி. சொன்ன நாளில் ஆள் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. மஞ்சுளாவைக் கேட்டால், நேற்று ஊருக்குப் போனவர் இன்னும் வரவில்லை என்றாள்.

"அத்திப்பள்ளியைத் தாண்டியிருப்பான். இனி கர்நாடகாவுல தேட வேண்டியதுதான்" என்று செல்வியிடம் குதித்தேன். லைனை மூட ஒரு மாசம்தான் இருந்தது. கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, "தாயே, நீ காட்டின ஆளு, நீயே பொறுப்பு" என்று சொல்லிவிட்டு பைக்கை அவன் ஊரான ஜவளகிரிக்கு விட்டேன்.

தளி தாண்டிக் காட்டோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. யானைக் கூட்டம் ரோட்டை விட்டு நகரவில்லை என்று ராத்திரியிலிருந்தே வனத்துறை ஆட்கள் யாரையும் விடவில்லையாம். எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்ற வரிசையில் ஒரு குட்டியானை. அதில் கொத்தமல்லி மூட்டைமேல் மாதேஷ். வழி விட்டதும் என்னைப் பார்த்துவிட்டுக் குதித்து ஓடிவந்தார்.

"என்னண்ணா, இவ்வளவு தூரம்! ராத்திரியே போன்ல சார்ஜ் போயிடுச்சு. நான் யானைகிட்ட மாட்டிக்கிட்டேன்னு பயந்துட்டீங்களா?"

என்ன சொல்வது? "ஆமா தம்பி" என்றேன். "பயந்துதான் வந்தேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. தம்மைத் தேடி அண்ணன் வந்திருக்கிறார் என்று. இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தார். "ஊர்ல ரெண்டு மாட்டை வித்தேன்ணா. பாக்கி பூரா இருக்கு, எண்ணிக்குங்க."

எண்ணவில்லை. அப்படியே சட்டைப்பையில் வைத்தேன். பிறந்ததிலிருந்து நான் எண்ணாமல் வாங்கிய முதல் பணம் அது.

ஆனி முதல் வாரத்தில் கடன் முடிந்தது. மாசக் கடைசியில் லைனை மூடினார்கள். வேலை போனது. வீடு இருக்கிறது. பத்திரத்தைச் செல்வி தாயின் காலடியில் வைத்தாள். அதற்கு முன்னால் பக்கங்களை மட்டும் நான் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். மாதேஷ் வேறு, பேங்க் வேறு. இப்போது ஒரு சின்னப் பட்டறையில் பாதிச் சம்பளம். தவணை இல்லாததால் போதுகிறது. மாடு வாங்க மாதேஷுக்கு மாசம் கொஞ்சம் தருகிறேன். வாங்க மாட்டேன் என்கிறவரிடம் திணிப்பது எனக்குப் புது அனுபவம்.

திருடனைக் காட்டு என்று தாயிடம் கேட்டேன். அவளிடம் அந்தச் சரக்கு இல்லை போலிருக்கிறது, ஒரு தம்பியைக் காட்டினாள். கடனோ கஷ்டமோ, நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை வந்து அவளிடம் சொல்லிப் பாருங்கள். முழு நம்பிக்கை வந்த பிறகு வரலாம் என்று காத்திருக்க வேண்டாம். நான் சந்தேகத்தோடுதான் வந்தேன். என்னையும் அவள் உள்ளே விட்டாள்.