பதினொரு தழும்புகள்

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லில் படிந்த இலைகளில் பூச்சிகள் செய்த சேதத்தை வகை பிரிப்பது என் வேலை. ஓரம் கடித்தது, நடுவில் ஓட்டை போட்டது, முட்டையிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் ஒரு கட்டம். வயிற்றுக்குக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். மனைவியும் மகளும் சென்னையில் இருப்பதால் சாத்தூர் வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கக் கற்கள்தான். மூலையில் ஒரு தட்டு வைக்க இடம் உண்டு.

நிலக்கரிச் சுரங்கத்துக் கல் ஒன்றில், நாக்கு போன்ற இலையின் நடுநரம்பை ஒட்டி நீள்வட்டத் தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. பதினொன்று. தும்பி மாதிரி ஏதோ முட்டையிட்ட தடம். படமெடுத்து வடக்கே இருக்கும் ஆய்வாளர் ஒருவருக்கு அனுப்பினேன். இதையெல்லாம் பேச எனக்கிருக்கும் ஒரே ஆள் அவர். பதினொன்றையும் வியந்து நான்கு நிமிடக் குரல்செய்தி வந்தது. அந்த மாதம் என்னிடம் யாரும் அத்தனை நீளமாகப் பேசியதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறுநாள் பல் துலக்கும்போது ஞாபகம் வந்தது. படமெடுக்கும் முன், அந்த நரம்பை ஒட்டி ஊசியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்து வெடிச்சத்தம் கேட்டுத் துள்ளினேன். புகை தெரிகிறதா என்று வாசலுக்கு ஓடினேனே தவிர, துள்ளும்போது ஊசி எங்கே இறங்கியது என்று பார்க்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது வலது பக்கம் என்பது பிறகுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டு அம்மா எம். புதுப்பட்டியில் பட்டாசு கம்பெனிக்குப் போகிறவர். அன்று லீவு. மதிலோரம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நேத்து எம்புட்டு வெடி கேட்டுச்சும்மா?”

“மூணு சார். இங்கன காட்டுக்குள்ள சாம்பிள் வெடி போட்டுப் பாத்தாக. ஏன், பயந்துட்டீகளா?”

“நானா? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு.”

“அதுக்கா வாயில நுரையோட ஓடியாறீக!”

உயிருள்ள இலை, காயம் பட்டால் அதைச் சுற்றித் தடித்து விளிம்பு கட்டும். கல்லில் ஊசி குத்தினால் ஒன்றும் கட்டாது. உருப்பெருக்கியில் பார்த்தேன். எட்டு வரை விளிம்பு இருந்தது. ஒன்பதுக்கு இல்லை. விளக்கைச் சாய்த்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், பாவம் பூச்சி அவசரத்தில் இட்டிருக்கும் என்று அதற்காக வாதாடினேன். பத்துக்கும் இல்லை, பதினொன்றுக்கும் இல்லை. அந்த மூன்று முட்டையும் நான் இட்டவை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இன்னொரு குரல்செய்திகூட வரலாம். அந்த ஆசையில் மதியம் வரை ஓட்டினேன். பிறகு எழுதினேன்: “எட்டுதான் பூச்சியுடையவை. மூன்று என் ஊசி. மன்னிக்கவும்.”

நீல டிக் உடனே விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் வந்தது. வெறும் கட்டைவிரல். பெரிதாக்கிப் பார்த்தேன். பரவாயில்லை என்கிறாரா, போதும் உன் சங்காத்தம் என்கிறாரா, கை தவறிப் பட்டதா? எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

பட்டியலில் பதினொன்றை அடித்து எட்டு என்று திருத்தினேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். ஐந்து நிமிடம் தாங்கவில்லை, திருப்பிப் பார்த்தேன்.