இசைவாணி சொன்ன சாட்சி

திண்டிவனத்து இசைவாணியும் கணவன் தென்னரசும் மலாவி நாட்டில் மிஷனரிகளாக ஊழியம் செய்துவந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் மகள் ஜெமிமாவுக்கு மலேரியா கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையை வெள்ளம் மூடிவிட்டதால் குழந்தை தாயின் மடியிலேயே இறந்தாள். அங்கேயே புதைத்தார்கள்.

விடுப்பில் ஊருக்கு வந்த இசைவாணியைச் சபையில் சாட்சி சொல்ல அழைத்தார்கள்.

"கர்த்தர் பலப்படுத்தினாருன்னு சொல்லும்மா. ஜனங்க காத்துக்கினு இருக்காங்க," என்றார் போதகர்.

மைக்கைப் பிடித்தவள், "பலம் ஒண்ணும் வரலைங்க. ஜெபம் பண்ண வாயே வர்றதில்ல. எங்க வீட்டுக்காரரு பண்றாரு, நான் பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கேன்," என்றாள்.

போதகர் மைக்கை வாங்கி அடுத்த பாட்டை அறிவித்தார்.

வீட்டில் மாமியார், "இன்னும் எதுக்குடி அந்த ஊரு?" என்று அழுதாள்.

"பாப்பா அங்கதானே அத்தை இருக்குது," என்று பெட்டியில் துணிகளை அடுக்கினாள் இசைவாணி.