நகர்ந்த மச்சம்

எங்கள் பெரியப்பா சர்வேயர். துறையூர்ப் பக்கத்தில் யாராவது எல்லைக்கல்லை அடுத்தவன் வயலுக்குள் அரை முழம் தள்ளி நட்டுவிட்டால் போதும், சங்கிலியைப் போட்டு அளந்து, ஆளின் மானத்தை வாங்கிவிட்டுத்தான் ஸ்ரீரங்கம் திரும்புவார். அந்தச் சங்கிலி இருந்த பெட்டிக்குள் எங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது. பெரியப்பா பார்க்காமல் கையை விட்டார். வலது புறங்கையில் பல் ஆழமாகப் பதிந்துவிட்டது.

பெரியம்மா சோப்புப் போட்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றி அலம்பிவிட்டாள். அப்படியும் மறுநாள் கை சிவந்து வீங்கியது. ஆற்றைத் தாண்டித் தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த டாக்டரிடம் போனோம். அவர் மருந்து தடவி, சிவப்பைச் சுற்றி மையால் ஒரு கோடு போட்டார்.

"சிவப்பு இதைத் தாண்டுச்சுன்னா உடனே வந்துடுங்க. கீறிவிடணும். அசட்டையா விட்டா கைக்கே ஆபத்து."

கீறுவது என்றதும் பெரியப்பாவின் முகம் வெளிறிவிட்டது. வரப்பில் பாம்பைக் கண்டால்கூட அசையாத மனிதர் அவர். கத்தி என்றால் மட்டும் குழந்தை.

அதன்பின் காலையும் மாலையும் காவேரியில் முழுகித் திருமண் இட்டுக்கொண்டு வந்து கையை நீட்டுவார். வீடே கூடிப் பார்க்கும். சிவப்பு கோட்டுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். "ஒரு நூல் தாண்டலை, பாரு" என்பார். ஆனால் சாதம் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டார்.

ஒருநாள் அவர் நீட்டிய கையைப் பெரியம்மா விடவில்லை.

"ஏன்னா, டாக்டர் போட்டப்போ இந்த மச்சம் கோட்டுக்கு வெளியில இருந்தது. இப்போ எப்படி உள்ளே வந்தது?"

பெரியப்பா மச்சத்தை உற்றுப் பார்த்தார். "மச்சம் கொஞ்சம் நகர்ந்திருக்கும்" என்றார்.

நான் நம்பினேன். அளவு விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு ஏது. பெரியம்மா அவர் அக்குளைத் தொட்டுப் பார்த்தாள். நெறி கட்டியிருந்தது, உடம்பும் கொதித்தது. கை போய்விடுமோ என்று எனக்கு அழுகை வந்தது. பெரியம்மா ஜட்கா வண்டி பிடித்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டாள்.

"கோட்டை யாருங்க மாத்திப் போட்டது?" என்றார் டாக்டர்.

பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"இவர் தீர்த்தமாடினதுல அழிஞ்சுடுத்து. நான்தான் தெரியாம திரும்பப் போட்டுட்டேன்" என்றாள் பெரியம்மா.

டாக்டர் அவளைப் பிடிபிடியென்று பிடித்தார். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. பெரியம்மா ஒன்றும் செய்யவில்லை, மச்சம்தான் நகர்ந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். கை பிழைத்தது. திரும்பும்போது பெரியப்பா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியவள், உண்மையைச் சொல்ல வந்த என்னை ஏன் கிள்ளினாள், கிள்ளிவிட்டு வழியெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏன் சிரித்தாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.