தீர்த்தக்குடத்துக்கு முன் ஒரு மாத்திரை

காங்கேயத்தில் எண்ணெய் ஆலை, பிறகு தறிப்பட்டறை, இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி. எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை. எட்டாவதோடு பள்ளியும் போயிற்று. தங்கை பிளஸ் டூ முடித்து, வெள்ளகோவிலில் சொந்தத் தறி ஓடும் வீட்டில் வாழ்க்கைப்பட்டாள்.

போன வருடம் கோயில் நோன்புக்காக, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை விழுங்கிவிட்டு ஓவர்லாக் தையல் மெஷினில் இரண்டு ஷிப்ட் உட்கார்ந்தேன். இடது கால் வீங்கியது. உள்ளே ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருந்தது. சிகிச்சை முடிந்தபின் டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். உறையாமல் காக்கும் ஒரு புரதம் எனக்குப் பிறவியிலேயே குறைவாம்.

"வெள்ளைக்காரங்களுக்குப் பரம்பரையா வர்ற குறை வேறம்மா. அவங்கள்ல நிறையப் பேருக்கு இருக்கு, ஒரே டெஸ்ட்ல தெரிஞ்சுரும். நம்மகிட்ட அது கம்மி. இந்த மாதிரிப் புரதக் குறையை ஒவ்வொண்ணாத்தான் தேடணும். கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாம். பாக்காம அந்த மாத்திரை போட வேண்டாம்னு சொல்லுங்க."

நான் தைத்துக் கப்பலேறும் பனியனைப் போடுகிற அந்த வெள்ளைக்காரர்களுக்கு நோயைக்கூட எளிதாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வயிறு எரிந்தது.

அன்றே வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன். அந்த வருடம் மாரியம்மனுக்கு முதல் தீர்த்தக்குடம் எடுக்கும் முறை தங்கை வீட்டுக்கு. பட்டுச்சேலை மேசைமேல் இருந்தது. பக்கத்தில் அதே மாத்திரை.

"இதப் போடாத கண்ணு. மொதல்ல ரத்தம் பாரு."

"நான் மொதக்கொடம் எடுக்கறது உனக்குப் பொறுக்கலையாக்கா?"

பொறுக்கவில்லைதான். அந்தச் சேலையைப் பார்த்ததுமே எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனாலும் இன்னும் கறுத்துக் கிடந்த என் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தேன். அவள் கொழுந்தனார் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, வேண்டாங்க்கா, சொன்னாக் கேளுங்க" என்றாள். தங்கை மாத்திரையைத் தொடவில்லை. சோதனைக்கு ரத்தம் மட்டும் கொடுத்தாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் அவளுக்கு விலக்கு வந்துவிட்டது. முதல் குடத்தைக் கொழுந்தனார் மனைவி எடுத்தாள், அதே பட்டுச்சேலையில்.

மறுவாரம் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"எனக்கு எந்தக் குறையும் இல்லையாம். இப்ப உனக்குச் சந்தோசமா?"

போனை வைத்துவிட்டாள். ஒரே வயிற்றில் பிறந்தும் நல்ல ரத்தம் அவளுக்கே போயிருந்தது. அவள் பிழைத்தாள் என்ற நிம்மதி வர எனக்கு நெடுநேரம் ஆயிற்று.